படகுக் காட்சியைப் பற்றி எழுதாமல் விட்ட பத்தி

திரைப்பட விமர்சனம் எழுதத் தொடங்கியிருக்கும் நண்பர்களுக்கு,

உங்கள் பயிலரங்குக்கு வந்து பேச இயலவில்லை. பேச்சுக்குப் பதிலாக எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். எழுதக் கடினமாக இருந்த விமர்சனம் எது என்று உங்களில் ஒருவர் கேட்டிருந்தார். பணியில் இருந்த காலத்தில் எழுதியவற்றில் முதலில் தேடினேன். அங்கே அது இல்லை. ஓய்வு பெற்ற பிறகு, அண்மையில் எழுதிய ஒன்றுதான் அது. அதில் நான் எடுத்த முடிவு சரியா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. எனவே இதிலிருந்து பாடம் எடுத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் சற்று எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

அது ஓர் அரசியல் தலைவரின் வாழ்க்கையைச் சொல்லும் படம். அவர் பெயரையும் படத்தின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. இந்த நிகழ்ச்சியில் தொடர்புடைய என் மைத்துனரிடம், இதை உங்களுக்கு எழுதலாமா என்று கேட்டேன். "தலைவரு பேரும் போடாதீங்க, ஊரு பேரும் போடாதீங்க மாமா. மத்தபடி எழுதுங்க. எல்லாத் தலைவரும் ஏதோ ஒரு புயலுக்கு ஏதோ ஒரு கரைக்கு வந்துருக்காங்க, எவனும் கண்டுபுடிக்க மாட்டான்" என்றார். அவர் பெயரையும் நான் எழுதவில்லை.

முதலில் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்த எங்கள் அலுவலகத்தில் ஒரு மூத்த துணையாசிரியர் இருந்தார். தலைவர்களைப் பற்றிய படமென்றால் முதல் நாள் முதல் காட்சிக்கு விமர்சகனை அவர் போகவிட மாட்டார். "அது படம் இல்லப்பா, மாநாடு. மாநாட்டுக்கு ரிப்போர்ட்டர் போவான். ஒனக்கு அங்க என்னா வேல?" என்பார். மறுநாள் மதியக் காட்சிக்குத்தான் அனுப்புவார். அந்த நேரத்தில் கொடிகளும் மேளமும் ஓய்ந்திருக்கும். திரையில் படம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். என் பணிக்காலம் முழுவதும் இந்த வழக்கத்தைக் கைவிட்டதில்லை. நீங்களும் கைவிட வேண்டாம். இணையத்தில் முதல் காட்சி இடைவேளையிலேயே விமர்சனம் வெளியாகிவிடுகிற காலம் இது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

படம் வெளியான வெள்ளிக்கிழமை மாலையில் இப்போதைய ஆசிரியர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். என்னிடம் பயிற்சி பெற்று, இன்று எனக்கே கட்டளையிடும் நிலைக்கு உயர்ந்த பெண். என் மனைவி காலமாகி அப்போது சில மாதங்கள் ஆகியிருந்தன. அதற்குப் பிறகு நான் திரையரங்கு எதற்கும் போயிருக்கவில்லை. ஆசிரியருக்கும் இது தெரியும்.

"சார், உங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா நம்ம பசங்க யாரும் அவரை நேர்ல பார்த்தது கிடையாது. எழுதச் சொன்னா ஒண்ணு தோரணம் கட்டுறாங்க, இல்லன்னா கல்லெறியறாங்க."

"நானும் மேடையிலதான்மா பாத்திருக்கேன்."

"அதுவே இப்ப ஜாஸ்தி சார்."

மறுநாள் மதியம் கடலூரில் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

படத்தின் இடைவேளைக்குச் சற்று முன்னால் அந்தப் படகுக் காட்சி வருகிறது. புயல் அடித்து ஓய்ந்த கடற்கரை. சாலை அறுந்துபோய், முகத்துவாரத்துக்கு அப்பால் ஒரு மீனவ ஊர் தனித்துக் கிடக்கிறது. படகு போகாது என்று ஒரு முதிய மீனவர் அழுகிறார். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துடுப்பைத் தானே வாங்கிக்கொள்கிறார். முதியவர் பின்னால் அமர்ந்து கைகூப்புகிறார். பனை உயர அலைகள் எழுகின்றன. பாட்டு ஒலிக்கிறது. தலைவர் கரையில் குதித்து ஒரு குழந்தையைத் தூக்கிக்கொள்கிறார். ஊரே அவரைச் சூழ்கிறது.

எனக்குப் பின்வரிசையில் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள்.

"மச்சான், இது நம்ம கிள்ளப் பக்கம்டா."

"நம்ம கிள்ளையில ஏதுடா இவ்ளோ பெரிய அல?"

"கிராபிக்ஸ்டா. கம்முனு பாரு."

கம்மென்று பார்த்தார்கள். பாட்டு முடிந்தபோது, அலையைப் பற்றிக் கேட்ட இளைஞனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டது எனக்குக் கேட்டது. அரங்கில் பாதிப் பேர் அந்த நிலையில்தான் இருந்தார்கள். நான் அந்த நிலையில் இல்லை. அது மோசமான காட்சி என்று எனக்குத் தோன்றியது. அதே வேளையில் என் கை நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. ஏனென்றால் அந்தப் படகு என் மாமனாருடையது.

இதை விளக்க வேண்டும். நானும் என் மனைவியும் மீனவக் குடும்பங்களில் பிறந்தவர்கள். நான் கடலூர்ப் பக்கம். படகில் கால் வைக்கும் முன்பே என் தந்தையார் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். பிறகு சிதம்பரத்தில் பல்கலைக்கழகம், முனைவர் பட்டம், பத்திரிகை. அவள் கிள்ளைக்கு அப்பால், படத்தில் வரும் அந்த ஊர். அந்தத் தலைவரின் பேச்சு வரும்போதெல்லாம் அவள் ஒரு வாக்கியம் சொல்வாள்: "எங்க அப்பா படகுலதான் வந்தாரு." மேலே ஏதாவது கேட்டால், "வந்தாரு, அவ்ளோதான். படகுல வந்தவங்க எல்லாரப் பத்தியும் கத சொல்லிக்கிட்டா இருப்பாங்க?" என்று வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அவள் சுருக்கமாகப் பேசுகிறவள். அது அவள் இயல்பு என்று எடுத்துக்கொண்டேன். ஊரெல்லாம் கேள்வி கேட்டுத் திரிந்த நான், என் வீட்டில் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை.

படம் முடிந்து வெளியே வந்தபோது, அதுவரை வெளியாகியிருந்த விமர்சனங்களை ஆசிரியர் என் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருந்தார். எழுதும் முன் பிறர் எழுதியதைப் படிப்பது எனக்கு வழக்கமில்லை. அன்று படித்தேன். ஒரு தரப்பு அந்தப் படகுக் காட்சியைக் கடலோர மக்களின் நன்றிக் கண்ணீர் என்று எழுதியிருந்தது. மறுதரப்பு அது முழுக்க முழுக்கக் கற்பனை என்றது. அந்தப் புயலின்போது தலைவர் அந்த ஊருக்கு வரவே இல்லை, கட்சி கட்டிவிட்ட கதை என்றது. ஓர் இணைய விமர்சகர் ஒரு படி மேலே போய் அந்த ஊருக்கே சென்று, வயதான பெண்மணி ஒருவரைப் பேசவைத்துக் காணொளியும் போட்டிருந்தார். "யாரு வந்தா? ஒருத்தரும் வரல. நான் பள்ளிக்கூடத்து மேட்டுலதான் கெடந்தேன் எம்புள்ளைவோளோட. அரிசி வந்துச்சு. அவரு வரல" என்றார் அந்தப் பெண்மணி. அவர் முகத்தில் பொய் இல்லை.

படம் எப்படி இருந்தாலும் தலைவர் வந்தார் என்பது உண்மை. அதை எழுதக்கூடியவன் நான் ஒருவன்தான் என்று அன்று இரவு எண்ணிக்கொண்டேன். அதில் ஒரு மகிழ்ச்சி இருந்ததை மறைக்க மாட்டேன். அவள் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு ஒரு பயன் வந்திருந்தது. ஆயினும் ஒருவர் சொல்வதை இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்யாமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது என்பது நம் தொழிலின் பால பாடம். சொன்னவர் மனைவி என்பதால் அது தளர்ந்துவிடாது. எனவே ஞாயிற்றுக்கிழமை காலையில் சிதம்பரம் போய், அங்கிருந்து வேறு பேருந்து பிடித்து, மைத்துனர் வீட்டுக்குப் போனேன். மாலை ஆறு மணிக்குள் விமர்சனம் வேண்டும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார்.

மைத்துனர் என் மனைவிக்கு இளையவர். கட்சியில் கிளைப் பொறுப்பில் இருக்கிறார். படகுக்கு இப்போது மகன்கள் போகிறார்கள். வாசலில் அவர் மனைவிதான் என்னை வரவேற்றார்.

"வாங்கண்ணே. நல்ல நேரத்துல வந்தீங்க. ஒங்க மச்சான் முந்தாநேத்துலேர்ந்து ஒழுங்கா சோறு துன்னல. என்னான்னு கேளுங்க. சிதம்பரத்துல மொத ஆட்டத்துல விசிலடிச்சதே இவருதானாம். வூட்டுக்கு வந்து செவுத்தப் பாத்துப் படுத்தவருதான்."

"ஏய், போயி டீயப் போடு" என்றார் உள்ளேயிருந்து மைத்துனர்.

"டீ போடுறேன். நீ அண்ணங்கிட்ட சொல்லு. சொன்னாத்தான் ஒனக்கு எறங்கும்."

மைத்துனர் எழுந்து வந்து என் எதிரே அமர்ந்தார். எங்கள் வீட்டுத் துக்கத்துக்குப் பிறகு நாங்கள் தனியாக உட்கார்ந்தது அன்றுதான்.

"படம் பாத்தீங்களா மாமா?"

"பாத்தேன் மச்சான்."

"எங்க அப்பாவப் பாத்தீங்களா? மூட்ட மாதிரி பின்னாடி போட்டு வெச்சிருக்கான். அழுதுக்கிட்டு, கும்புட்டுக்கிட்டு. எங்க அப்பா சாமியவே ஒழுங்கா கும்புட்டது கெடையாது மாமா."

"அப்புறம் எதுக்கு விசிலடிச்ச?"

"தலைவரு வந்தா வெரலு தானா வாய்க்குப் போவுது. நான் என்னா பண்ண?"

சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் நான் வந்த காரியத்தைக் கேட்டேன். அந்தப் புயலில் அவர் வந்தாரா?

"வந்தாரு."

"ஊருக்குள்ள?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "கேக்கறது பேப்பரா, மாமாவா?" என்றார்.

"ரெண்டும் நான்தானே மச்சான்."

"இல்ல மாமா. அக்கா ஒங்கள ரெண்டாத்தான் வெச்சிருந்துச்சு."

நண்பர்களே, வாழ்க்கை முழுவதும் பலரிடம் கேள்வி கேட்டுப் பல விதமான பதில்களை வாங்கியிருக்கிறேன். இப்படி ஒரு பதிலை வாங்கியதில்லை. தேநீர் வந்தது. குடித்தேன். பிறகு, "மாமாதான் கேக்கறேன்" என்றேன். அவர் சொன்னார்.

தலைவர் கிள்ளை வரை ஜீப்பில் வந்திருக்கிறார். அதற்கு மேல் வழியில்லை. என் மாமனார் அன்று குடிதண்ணீர் எடுக்கப் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு கிள்ளைக்கு வந்தவர், படகோடு திரும்பத் தயாராக இருந்தார். தலைவரும் உடன் வந்த கட்சிக்காரர் ஒருவரும் அதில் ஏறிக்கொண்டார்கள். மாமனார் கழி ஊன்றினார். காயல் வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. முகத்துவாரத்தை நெருங்கியபோது புயல் விட்டுப்போன அலைகளின் ஏற்ற இறக்கம் தொடங்கியது. தலைவர் வாந்தி எடுக்கத் தொடங்கினார். வாந்தி நிற்கவே இல்லை. உட்கார முடியாமல் படகின் அடியில் சாய்ந்தார். அங்கே என் மனைவி, அப்போது பாவாடை கட்டிய சிறுமி, படகில் ஏறிய தண்ணீரைச் சட்டியால் இறைத்துக்கொண்டிருந்தாள். அவர் தலை தண்ணீரில் கிடக்கக் கூடாது என்று தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு கையால் தலையைப் பிடித்தபடி மறு கையால் இறைத்துக்கொண்டே வந்தாள்.

கரை தட்டியபோது அவரால் நிற்க முடியவில்லை. சவுக்குத் தோப்பின் நிழலில் படுக்கவைத்தார்கள். ஊர் ஜனங்கள் பள்ளிக்கூடத்து மேட்டில் இருந்தார்கள். அவ்வளவு தூரம் நடக்க அவருக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. யாரையும் இங்கே கூப்பிட வேண்டாம் என்று உடன் வந்த கட்சிக்காரர் சொல்லிவிட்டார். வெயில் தாழ்ந்ததும் அதே படகில் திரும்பினார்கள். மறுநாள் அரிசி வந்தது.

"அப்ப அந்த அம்மா வீடியோவுல சொல்றது..."

"பொய்யி இல்ல மாமா. அது அவரப் பாக்கவே இல்ல."

"இத இவ்வளவு நாளா ஏன் யாரும் சொல்லல?"

"அப்பா சொல்லக் கூடாதுன்னுட்டாரு. தலைவருன்னு இல்ல, யாரா இருந்தாலும் அதான் எங்க வூட்டுப் பழக்கம். படகுல ஒருத்தன் ஒடம்பு முடியாம கவுந்துட்டான்னா, கரைக்கு வந்து அதப் பேசக் கூடாது. பேசுனா அவன் மறுபடி படகு ஏற மாட்டான். பொழப்பு போயிடும் இல்ல?"

அந்த விதி படகு ஏறுகிறவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும். எனக்கு அது தெரியாது.

"அதனாலதான் உங்கக்கா எங்கிட்ட சொல்லலையா, நான் பேப்பர்காரன்னு சொல்லலையா?"

அவர் யோசித்தார். "ரெண்டும்தான் மாமா" என்றார். பிறகு, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றோ என்னவோ, இன்னொன்றும் சொன்னார். "திரும்பி வர்றப்ப அவரு அக்காகிட்ட காதோட ஏதோ சொன்னாரு. நான் முன்னாடி ஒக்காந்திருந்தேன், கேக்கல. எத்தினியோ வாட்டி கேட்டுப் பாத்துட்டேன். சொல்லல. ஒங்ககிட்டயாவது சொல்லியிருக்கும்னு நெனச்சேன்."

"இல்ல மச்சான்."

எழுதும் விஷயத்துக்கு வந்தோம். அவர் விருப்பம் தெளிவாக இருந்தது: தலைவர் வந்தார் என்று எழுத வேண்டும், கழி ஊன்றியவர் தன் அப்பா என்று எழுத வேண்டும், மீதியை எழுதக் கூடாது.

"மீதிய எழுதாம விட்டா, வந்தவரு ஏன் ஊருக்குள்ள வரலன்னு கேப்பாங்க. வந்தாருன்னு மட்டும் போட்டா, அந்த அம்மா பொய் சொல்லுதுன்னு ஆவும். கோவில்ல கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணச் சொன்னாலும் அது மாத்தாது, ஏன்னா அது சொல்றது நெசம்" என்றேன்.

"ஆமா இல்ல?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "எழுதுனா அப்பா வார்த்த போவுது. எழுதலன்னா அப்பாவே போறாரு. எனக்கு ஒண்ணும் புரியல மாமா. நீங்க படிச்சவரு."

"எனக்கும் புரியல."

"என்னாத்துக்குத்தான் படிச்சீங்களோ" என்றார் அவர் மனைவி, வெறும் தம்ளர்களை எடுத்துக்கொண்டே.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று தடுத்தார்கள். மைத்துனர் அன்று சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

சிதம்பரத்துக்குத் திரும்பியபோது மாலை நான்கு மணிக்கு மேல் ஆகிவிட்டது. கடலூர் போய்ச் சேர்ந்து எழுத நேரமில்லை. பேருந்து நிலையத்துக்கு அருகே ஓர் உணவு விடுதியின் மூலை மேசையில் உட்கார்ந்து தாளை விரித்தேன். காபி வந்தது, ஆறியது, பரிமாறுகிறவர் கேட்காமலே இன்னொன்று கொண்டுவந்து வைத்தார்.

படத்தைப் பற்றிய பிற பகுதிகளை எழுதுவதில் சிரமம் இருக்கவில்லை. இளமைப் பருவத்தை நன்றாக எடுத்திருந்தார்கள். சிறைக் காட்சிகளில் நடிகர் தம் குரலை அடக்கியிருந்த விதம் மதிக்கத்தக்கது. பிற்பகுதியில் இயக்குநருக்குத் தலைவரிடம் அச்சம் வந்துவிட்டது. இதையெல்லாம் எழுதிவிட்டுப் படகுக்கு வந்தேன்.

நடந்ததை நடந்தபடி எழுதினேன். பெயர் எதுவும் குறிக்காமல், "அந்தப் படகில் இருந்த ஒருவர் சொல்ல அறிகிறேன்" என்று தொடங்கி, மடியில் கிடந்த தலையையும் இறைத்த தண்ணீரையும் எழுதினேன். ஒரே மூச்சில் வந்தது. இரு தரப்பும் பாதி உண்மையை வைத்துக்கொண்டு சண்டையிடுவதைக் காட்டினேன். அந்தப் பெண்மணியின் சொல்லுக்கும் நியாயம் செய்தேன். கழி ஊன்றியவருக்கு அவர் கழியைத் திருப்பிக் கொடுத்தேன். தலைவருக்கும் அதில் இழுக்கு ஒன்றும் இல்லை என்றே எனக்குப் பட்டது; உடம்பு ஒத்துழைக்காமலும் கரை வரை வந்த மனிதர், துடுப்புப் போடும் வீரரைவிடப் பெரியவராகவே தெரிந்தார். நான் எழுதியவற்றிலேயே சிறந்த பத்தி அது என்று எண்ணினேன். இப்போதும் அப்படித்தான் எண்ணுகிறேன்.

அந்த நேரத்தில் ஆசிரியர் அழைத்தார்.

"சார், அந்த ஊரு உங்க மனைவியோட ஊருதானே? அவங்க குடும்பத்துல யாராவது ஏதாவது பார்த்திருந்தா, அதை வெச்சுட்டீங்கன்னா நம்ம பேப்பர்ல மட்டும்தான் இருக்கும்."

"பார்க்கறேன்மா" என்றேன்.

மறுபடியும் பத்தியைப் படித்தேன். "அந்தப் படகில் இருந்த ஒருவர்" என்று எழுதியிருந்தது கண்ணை உறுத்தியது. சொன்னவர் மைத்துனர். ஆனால் எழுதும்போது என் மனத்தில் இருந்த குரல் அவருடையதாக இல்லை. அவர் சொல்லாத சில நுணுக்கங்கள் பத்தியில் இருந்தன. தலை கனமாக இருந்தது என்று எழுதியிருந்தேன். பாவாடை நனைந்து குளிர்ந்தது என்று எழுதியிருந்தேன். இவற்றை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவள் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் விரும்பியதை நானே எழுதிக்கொண்டிருந்தேன். அச்சில் வந்துவிட்டால் அவள் எனக்குச் சொன்னதாகிவிடும் என்று எங்கோ ஒரு நினைப்பு இருந்திருக்க வேண்டும். தலைவருக்காகவோ வாசகருக்காகவோ எழுதியிருந்தால் அந்தப் பத்தி நின்றிருக்கலாம். அப்படி எழுதப்பட்டதாக என்னால் சொல்ல முடியவில்லை.

அவள் தலைவரின் மானத்தைக் காத்தாளா, தந்தையின் சொல்லைக் காத்தாளா, கணவன் என்கிற பத்திரிகைக்காரனிடமிருந்து இரண்டையும் காத்தாளா என்று நான் அங்கே உட்கார்ந்து யோசித்தேன். நினைவுக்கு வந்தது ஒன்றுதான். தலைவர் இறந்த அன்று தொலைக்காட்சியில் இறுதி ஊர்வலம் ஓடிக்கொண்டிருந்தபோது, அவள் அடுக்களையிலிருந்து வந்து சற்று நேரம் நின்று பார்த்து, "பாவம், மனுசன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லோரும் சொல்கிற சொல்தானே என்று நான் தலையைக்கூடத் திருப்பவில்லை. அதில் என்ன இருந்தது என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் எனக்குப் பிடிபடுவதாக இல்லை.

பத்தியை அடித்தேன். அந்த இடத்தில் இதை எழுதினேன்: "இந்தப் படகுக் காட்சியின் குறை, அலைகள் பெரிதாக இருப்பதில் இல்லை. தலைவர் வந்தாரா இல்லையா என்கிற வழக்கை விசாரிக்கும் இடமும் இது இல்லை. படகு தெரிந்தவர்கள் ஓட்ட வேண்டிய படகில், ஓட்டத் தெரிந்த ஒரே மனிதரைப் பின்னால் உட்காரவைத்து அழவிடுகிறது இந்தப் படம். தலைவனை யாரேனும் ஒருவர் சுமக்க வேண்டியிருக்கும் நேரமும் உண்டு என்பதை இந்தப் படத்தால் தாங்கிக்கொள்ள முடியவில்லை."

விடுதியிலிருந்தே கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினேன். சற்று நேரத்தில் ஆசிரியர் அழைத்தார்.

"நல்லா இருக்கு சார். ஆனா ஒண்ணு. படம் நல்லா இருக்கா, நல்லா இல்லையான்னு கடைசிவரைக்கும் தெரியலையே?"

"எனக்கும் தெரியலம்மா."

"அப்ப அப்படியே போட்டுடறேன்" என்றார்.

திங்கட்கிழமை விமர்சனம் வெளியானது. மதியத்துக்குள் தலைவரின் ஆதரவாளர்கள் ஒரு வரியை எடுத்து, மூத்த விமர்சகர் புகழாரம் என்று பரப்பினார்கள். எதிர்ப்பாளர்கள் இன்னொரு வரியை எடுத்து, மூத்த விமர்சகர் முகத்திரையைக் கிழித்தார் என்று பரப்பினார்கள். இரண்டும் என் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தன. இரண்டிலும் நான் எழுதியதே இருந்தது.

நண்பர்களே, நீங்கள் கேட்க விரும்புவது எனக்குத் தெரியும். உண்மை தெரிந்த ஒருவன், அந்தப் பெண்மணியைப் பொய்யர் என்று தலைவரின் ஆதரவாளர்கள் இணையத்தில் ஏசிக்கொண்டிருக்கும்போது வாய்மூடி இருந்தது முறையா? முறையென்று என்னால் வாதிட முடியாது. ஏச்சு சில நாள்களில் ஓய்ந்தது. வேறு படம் வந்துவிட்டது. அதனால் நான் செய்தது சரியாகிவிடாது. விமர்சகன் சாட்சி அல்லன், திரையில் இருப்பதற்கே அவன் பொறுப்பு என்று உங்களுக்கு ஒரு விதியை எழுதித் தரலாம். வகுப்பில் பலமுறை அப்படிச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அன்று நான் பத்தியை அடித்தது அந்த விதியால் அல்ல. ஆகவே அதை இங்கே எழுதுவது நேர்மையாகாது. இவ்வளவு மட்டும் சொல்லலாம்: வேகமாகவும் அழகாகவும் வந்துவிட்ட ஒரு பத்தியை அனுப்புவதற்கு முன், அதில் பேசுவது யார் என்று ஒருமுறை பாருங்கள். உங்களுக்கு என்ன வேண்டியிருக்கிறது என்றும் பாருங்கள். பார்த்த பிறகும் அதை அனுப்பலாம். நான் அனுப்பவில்லை.

விமர்சனம் வெளியான அன்று மாலை மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார். மகனிடம் கொடுத்து விமர்சனத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"மாமா, எழுதல இல்ல?"

"எழுதல மச்சான்."

"ஓட்டத் தெரிஞ்ச ஒரே மனுசன்னு போட்டிருக்கீங்களே, அது அப்பாதானே?"

"ஆமா."

"அது போதும்." அவர் பக்கம் கடற்காற்று இரைந்தது. வெளியே நின்று பேசுகிறார் போலும். "ஆனா வந்தாருன்னும் நீங்க போடல."

"போடல."

"அந்த அம்மாவ நான் போயிப் பாத்துட்டு வந்தேன் மாமா. நான் ஒண்ணும் சொல்லல. சும்மா மீனு கொஞ்சம் குடுத்துட்டு வந்தேன்."

"நல்லது மச்சான்."

அவர் தொலைபேசியை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. இருவருக்கும் ஒரே நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன். கடைசியில் நான்தான் கேட்டேன்.

"உங்கக்கா இருந்து, இதப் படிச்சிருந்தா என்ன சொல்லியிருப்பா?"

அவர் உடனே பதில் சொன்னார்.

"ஒண்ணும் சொல்லியிருக்காது மாமா."